புது வண்டிக்கு ஓட்டை போடக் கூடாது

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன் புது வண்டிக்கும் பயப்பட மாட்டான், பழைய கேபினுக்கும் பயப்பட மாட்டான். பழைய கேபினைத் தூக்கிப் புது வண்டிமேல் உட்கார வைக்கச் சொல்லும் ஆளைப் பார்த்தால்தான் அவனுக்குப் பயம் வரும். அண்ணன் சட்டையைக் கொடுத்து, கத்தரி வைக்காமல் தம்பிக்குப் பொருத்தித் தரச் சொல்கிற மாதிரி. நீங்களும் ஏதோ ஒரு தொழிலில் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்தானே? அப்படியென்றால் மேலே படியுங்கள். மாட்டாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு இது புரியாது.

மாலை வாடாத வண்டி

செல்லமுத்து, போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். ரிக்கோடு ஊர் ஊராகப் போகும் ஆட்கள் படுக்கவும் சமைக்கவும் ஒரு தகரக் கேபின் உண்டு. அதைச் சுமந்த பழைய பிக்கப் ஓய்ந்துபோனதும் கேபினை மட்டும் எங்கள் திருச்செங்கோடு பட்டறையில் இறக்கிப் போட்டார். பிறகு ஒருநாள் மாலையும் சந்தனமுமாகப் புதுப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பழைய வண்டியின் பின்பக்கம் பலகை மாதிரி சமமாக இருந்தது. புதியதில் உள்ளே இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே தகரம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கேபின் தரையில் உட்காராது, அந்தப் புடைப்பின் மேல்தான் நிற்கும். அடியில் இரும்புச் சேனல் கொடுத்து, தரைத் தகரத்தில் ஓட்டை போட்டு, யூ போல்ட்டால் வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு சேர்த்து இறுக்க வேண்டும் என்றேன். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் பதறிப்போனார். "ஏனுங்க, பூசை போட்ட கற்பூர வாசம்கூடப் போகலீங்க. ஓட்டை போட்டா வாரண்டி கெடையாதுன்னு ஷோரூம்ல வேற சொல்லிப்போட்டாங்க. உங்கூட்டுப் புள்ளையா இருந்தா இப்படி ஓட்டை போடுவீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வெல்டர் தங்கவேல் முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "போடுவோமுங்க. கெடா வெட்டி விருந்தும் வெப்போம். காது குத்துன்னு பேரு."

முறுக்குக் கடை இறங்கிய இடம்

பட்டறைச் சுவரில் ஒரு கொக்கியை ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். கொக்கியோடு உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்த தகரமும் தொங்கும். ஆட்டையாம்பட்டியில் வண்டியில் வைத்து முறுக்கு விற்கும் ஒருவர், தன் பழைய தகரக் கடையைப் புதுப் பிக்கப்பில் ஏற்றி, பக்கவாட்டுக் கொக்கிகளில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். ஒரு வளைவில் வண்டி திரும்பியது, கடை திரும்பவில்லை. நேராகப் போய் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. மரத்தடியில் யாரும் இல்லாதது அவர் அதிர்ஷ்டம். அன்றைக்குப் பிய்ந்து வந்த கொக்கிதான் இது.

லாரிக்குக் கயிறு போடும் கொக்கியை நாங்கள் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைப்போம், அது மலையையே தாங்கும். பிக்கப்பில் கம்பெனி வைத்த இந்தக் கொக்கி வெறும் தகரத்தில் திருகியது, தார்ப்பாய் கட்டத்தான் ஆகும். இதையெல்லாம் செல்லமுத்துவுக்கு விளக்கி, கொக்கியையும் கையில் கொடுத்தேன். கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டார். அறுந்துபோகவே இல்லை, புதிது மாதிரி இருந்தது என்றேன். கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், வெகு அக்கறையாக ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கயிறு எந்தக் கடையிலீங்க வாங்குனது?"

நின்ற வண்டி

ஓட்டை போடாமல் கேபினை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்களை வைத்துத் தானே ஏற்றினார். இடைவெளியில் மரக்கட்டை செருகினார், ரப்பர் போட்டார், கயிற்றை மேலே வீசி இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் முறுக்கிக் கட்டினார். வருஷக்கணக்காக லாரியில் லோடு கட்டிய கை, முடிச்சைக் குறை சொல்ல முடியாது. நானும் தோளைக் கொடுத்து உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நின்ற வண்டியில் எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கும் என்றேன். ஓடும்போது கேபினுக்குள் ஆள் ஏறக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு, கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டே சொன்னார்: "கயித்த நம்பாம நாமக்கல்லுல எவனுங்க பொழைச்சான்?"

சோறாக்குபவரின் இடம்

செல்லமுத்து பைக்கில் முன்னே போய்விட்டார். பிக்கப் கிளம்பும்போது கேபின் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆறுமுகம். ரிக் ஆட்களுக்குச் சமைப்பவர். மல்லசமுத்திரத்துக்காரர், தறி ஓட்டியவர், தறி நின்றபின் கரண்டி பிடித்தவர். இரண்டு கால்களுக்கு நடுவே ரசச் சட்டியை வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னலைத் தட்டிக் கத்தினேன். டிரைவரோ, போர் போடும் பாயிண்டில் ரிக் காத்துக்கிடக்கிறது என்று ஹாரன் அடித்தான். செல்லமுத்துவுக்குப் போன் போட்டேன். அடுத்த டீக்கடையில் முன்னால் மாற்றி உட்கார வைக்கச் சொல்கிறேன் என்றார். இப்போதே இறங்குங்கள் என்று ஆறுமுகத்திடம் கெஞ்சவும் செய்தேன். அவருக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முன்னால டிரைவரு, டிரில்லரு, மேனேஜரு. சோறாக்கறவனுக்கு எங்க சாமி சீட்டு?"

வேகத்தடை

டீக்கடை வருவதற்கு முன்பே ஒரு வேகத்தடை வந்தது. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. வண்டி குதித்ததில் மரக்கட்டை நழுவியது, ஒரு பக்கக் கொக்கிகள் தகரத்தோடு பிய்ந்தன, கேபின் பக்கவாட்டில் புரண்டு தார் ரோட்டில் விழுந்தது. நானும் தங்கவேலும் போய்ச் சேர்ந்தபோது ஆறுமுகத்தை எடுத்துப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரோடெல்லாம் ரச வாசனை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரசம் கொதித்தால் நான் வெளியே எழுந்து போய்விடுகிறேன்.

செல்லமுத்து கெட்டவர் இல்லை. ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கிழிந்த தகரம் தொங்கும் கொக்கியோடு கயிறு எங்கள் காலடியில் கிடந்தது. அதைக் கையில் எடுத்து முழ முழமாகத் தடவிப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் என் முகத்தைப் பார்த்தார்: "கயிறு அறுந்துபோகவே இல்லீங்க."

டிரில்

காரியமெல்லாம் முடிந்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியும் வெளியே வந்தபின், செல்லமுத்து மறுபடி பட்டறைக்கு வந்தார். மாலை இல்லை, சந்தனம் இல்லை. ஒரு பக்கத் தகரம் கிழிந்து சொட்டையாக இருந்தது. நசுங்கிய கேபினையும் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தார். புதுச் சமையல்காரர் உள்ளே சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே செல்லமுத்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக் குனிந்து, பின்பக்கத் தரையில் எங்கெங்கே போல்ட் வர வேண்டும் என்று அவரே வட்டம் போட்டார். தங்கவேல் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரண்டி என்னாவது என்று கேட்டேன். நிமிராமலேயே சொன்னார்: "எத்தனை ஓட்டை வேணுமோ போட்டுக்கோங்க. அதான் பழைய வண்டியாயிருச்சுங்களே."

தகரத்தில் ஓட்டை போட எங்களுக்கு ஒரு டிரில்லும் கொஞ்ச நேரமும் போதும்; அதற்குச் சம்மதம் வாங்கத்தான் ஓர் ஆறுமுகம் தேவைப்பட்டார்.