நெலிடாவுக்கு லீமாவில் இருந்த பெயர்

எங்கள் மலை ஊரான தார்மாவில் நெலிடாவின் முடிதிருத்தும் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. சந்தைக்கு எதிரே பச்சைக் கதவு, உள்ளே ஒரே ஒரு நாற்காலி. சிறு வயதில் பன்னிரண்டு வருஷம் தலைநகர் லீமாவில் அத்தை வீட்டில் வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு ஊரில் தனி மரியாதை. சூப்பைச் சத்தமில்லாமல் குடிப்பாள். "லீமாவுல இப்படி இல்ல" என்று அவள் சொல்லிவிட்டால் டாக்டரின் மனைவிகூட மறுபேச்சு பேசமாட்டாள்.

என் மகள் மர்லேனிக்கு முதல் முடி வெட்டியது அவள்தான். எங்கள் மலைப்பக்கத்தில் முதல் முடியை வெட்டுகிறவள் பிள்ளைக்கு ஞானத்தாய் ஆகிவிடுவாள். அன்றிலிருந்து நாங்கள், பெற்றவளும் ஞானத்தாயும் அழைத்துக்கொள்ளும் முறைப்படி, ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம்.

மர்லேனிக்குப் பதினைந்து வயது ஆனதும் நெலிடா என் பூக்கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கொமாத்ரே, பிள்ளைய என்கூட லீமாவுக்கு அனுப்பு. அத்தைக்கு வயசாயிடுச்சு, கூட ஒரு ஆள் வேணும். சாயந்திரம் படிக்க வைப்பாங்க. சொந்தப் பொண்ணு மாதிரி இருப்பா. என்னைப் பாரு, என்ன குறைஞ்சு போச்சு எனக்கு?"

படிக்க வைப்பார்கள் என்ற சொல் என்னை அசைத்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மர்லேனியோ அன்றைக்கே மூட்டை கட்டத் தயாராக இருந்தாள். ஆனால் பக்கத்தில் உருளைக்கிழங்கு விற்கும் சாந்தோசா என் காதில் வேறு ஒன்றைப் போட்டாள்.

"லீமாவுக்குப் பொண்ணு புடிச்சுக் குடுக்கறவங்களுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கெடைக்குமாம். உன் கொமாத்ரே கடையில புதுசா முடி காயவைக்கிற மிஷின் வந்திருக்கே, பாத்தியா?"

பார்த்திருந்தேன். எனக்குக் கேட்கத்தான் வாய் வராது, கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் நெலிடாவிடம், "நானும் வர்றேன். முதல்ல வீட்டைப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தாள். "வாயேன். பூக்காரி வர்றா, லீமா கடலைக் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லணும்!"

பஸ் மலையை விட்டு இறங்கும்வரை எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். லீமா நெருங்கியதும் பேச்சு நின்றது. பையிலிருந்து பஞ்சும் ஒரு சின்னக் குப்பியும் எடுத்தாள். பத்து விரலிலும் இருந்த சிவப்பு நகப்பூச்சை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். அடுத்து, காதிலிருந்த பெரிய வளையங்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"ஏன் கொமாத்ரே?"

"அத்தைக்குப் பிடிக்காது."

நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் நகத்தை எந்த அத்தை பார்ப்பாள்? ஆள் அடையாளம் மாற்றுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. பர்ஸை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

லீமா வானம் அழுக்குப் போர்வை மாதிரி தலைக்கு மேலேயே தொங்கியது. அத்தை வீடு இருக்கும் மக்தலேனா பகுதிக்குப் போகும் வேனில் நெருக்கிக்கொண்டு ஏறினோம். இறங்கும்போது கண்டக்டர் பையன், "வலது கால், வலது கால் முதல்ல! வண்டி நிக்காது!" என்று கத்தினான். நான் இடது காலை வைத்துத் தடுமாறினேன்.

"மலையிலேருந்து இப்பத்தான் எறங்கியிருக்கு போல" என்று அவன் சிரித்தான்.

"உன் ஓட்டை வண்டி மலை ஏறுமாடா? முதல்ல அதப் பாரு" என்றாள் நெலிடா. என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான். அதற்காக என் சந்தேகம் குறைந்துவிடவில்லை.

மக்தலேனா சந்தை வாசலில் கொத்தமல்லி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று கூவினாள். "ரோசிட்டா! அடியே ரோசிட்டா! பெருத்துப் போயிட்டியே!"

நெலிடா திரும்பினாள். யோசிக்கக்கூட இல்லை. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டேன். "யாரு ரோசிட்டா?"

"நான்தான். சென்யோராவோட தங்கச்சி பேரும் நெலிடா. ஒரே வீட்டுல ரெண்டு நெலிடா எப்படி இருக்க முடியும்? அதனால என்னை மாத்திட்டாங்க."

"சென்யோராவா? எசமானியம்மாவா? அத்தைன்னுல்ல சொன்னே?"

"அத்தை மாதிரிதான். நீ என்ன, போலீஸ்காரி மாதிரி கேக்கறே?"

வீட்டு முன்கதவு தேக்கு நிறத்தில் பளபளத்தது. நெலிடா அதைத் தாண்டிப் போனாள். பக்கச் சந்தில் ஒரு இரும்புக் கதவு. கம்பிக்கு நடுவே கையை விட்டு, பார்க்காமலே கொக்கியைத் தூக்கினாள்.

"முன்னாடி கதவு இருக்கே?"

"அது விருந்தாளிங்களுக்கு."

"அப்ப நான் யாரு?"

"அய்யோ, வா கொமாத்ரே!"

நான் ஒரு கொடுமைக்காரியை எதிர்பார்த்திருந்தேன். சென்யோரா ஒதிலியா மெலிந்த, இனிமையான கிழவி. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரோசிட்டாவோட சிநேகிதியா, வாங்க வாங்க" என்றாள். பிள்ளையின் அம்மா என்பதால் சாப்பாட்டு மேசையில் தன் எதிரிலேயே உட்கார வைத்தாள். நெலிடா அதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டில் எனக்குக் கோழியும் சோறும் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ உக்காரலையா?"

"நான் அப்புறம்."

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து ஒரு எனாமல் தட்டை எடுத்தாள். விளிம்பு பெயர்ந்து கறுத்திருந்தது. தார்மாவில் மடியில் துணி விரித்துச் சாப்பிடுகிறவள் அதில் சோற்றைப் போட்டு நின்றபடியே சாப்பிட்டாள்.

"பொண்ணு பேர் என்ன?" என்றாள் சென்யோரா.

"மர்லேனி."

"மர்... இந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையாதும்மா. ரோசிட்டான்னே கூப்பிட்டுக்கறேன். இந்த வீட்டுக்குப் பழகின பேரு."

உள்ளேயிருந்து நெலிடா சிரித்தாள். "எனக்கு ரெண்டே நாள்ல பழகிடுச்சு சென்யோரா!"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பீங்க?"

"பாக்கலாம். ரோசிட்டாவுக்கும் பாத்தோம். அந்த வருஷம் என் பையனுக்கு அம்மை போட்டிருச்சு. அப்புறம் என் மாமியார் படுக்கையில விழுந்துட்டாங்க. அப்படியே தள்ளித் தள்ளிப் போயிடுச்சு." அவள் குரலில் கள்ளம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"என் பொண்ணு தார்மாவுலயே படிக்கட்டும் சென்யோரா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சென்யோராவுக்குக் கோபம் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னாள்.

சந்துக்கு வந்ததும் நெலிடா பொரிந்து தள்ளினாள். "என் மானத்தை வாங்கிட்டியே! வீட்டுக்குள்ள கூப்பிட்டு, எதிர்ல உக்கார வச்சு சோறு போட்டாங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசிட்டு வர்றே!"

சாந்தோசா சொன்னதிலிருந்து மூன்று வாரமாக நெஞ்சில் இருந்தது வெளியே வந்துவிட்டது. "தலைக்கு எவ்வளவு குடுக்கறாங்க உனக்கு?"

அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது.

"காசா? என்னையா கேட்டே? பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டுல இருந்தேன், ஒரு காசு கை நீட்டி வாங்கினதில்ல! சமைச்சேன், துவைச்சேன், சென்யோராவோட மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். குடும்பத்துக்குள்ள யாராவது கூலி வாங்குவாங்களா? ஊருக்குப் போறப்ப கத்தரிக்கோலும் சீப்பும் வாங்கிக் குடுத்தாங்க. அத வச்சுத்தான் கடை போட்டேன். அந்த மிஷின்கூட தவணையில எடுத்தது. உன் மகளுக்கும் அந்த மாதிரி ஒரு வழி கெடைக்கட்டும்னு நெனச்சேன் பாரு!"

அவள் கண்ணில் நீர் முட்டியது. பொய் சொல்கிறவளின் கண் இல்லை அது. அவள் என்னை ஏமாற்ற நினைத்ததே இல்லை. அதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டாள்.

என்னோடு அவள் திரும்பவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். ஆனாலும் வேன் நிறுத்தம்வரை வந்தாள். "இவங்கள பஸ் ஸ்டாண்டுல பத்திரமா எறக்கி விடுடா" என்று கண்டக்டரை அதட்டினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இரவு நான் தார்மா வந்து சேர்ந்தபோது வீட்டில் மர்லேனி விழித்துக் காத்திருந்தாள்.

"வீடு நல்லா இல்லையாம்மா?"

"நல்லா இருக்கு."

"அந்த அம்மா கெட்டவங்களா?"

"இல்ல."

"ஞானத்தாய் பொய் சொன்னாங்களா?"

"அவ பொய் சொல்லல. பன்னிரண்டு வருஷம் அங்க வீட்டு வேலை பாத்திருக்கா. அது வேலைன்னு அவளுக்கே தெரியாது. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகல."

மர்லேனி நம்பவில்லை. "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் என்னோடு பேசாமலே பள்ளிக்கூடச் சீருடையைப் போட்டுக்கொண்டு, கதவை ஓங்கி அறைந்துவிட்டுப் போனாள். அவள் சந்தையைக் கடந்து பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும்வரை பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் கடையைத் திறந்தேன்.