பளபளக்கா தேய்த்த சட்டி

மாணவர் விடுதியில் இருபத்திரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தவள் அவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பளபளக்கா. சும்மா வைக்கவில்லை; அடிப்பிடித்த அண்டாவை அவளிடம் கொடுத்தால் மறுநாள் அதில் முகம் பார்த்துத் தலைவாரலாம். அந்தக் கைதான் அவளைக் கெடுத்தது. கையைச் சொல்லி என்ன, முதலில் கெடுத்தது வாய்தான்.

ஊரே கொண்டாடிய சமையல்காரம்மா ஒருவர் காலமானார். புதுக்குடித்தனம் போகிறவர்கள் பெட்டியில் முதலில் வைப்பதே அவர் எழுதிய சமையல் புத்தகத்தைத்தான். அவர் சமைத்த அடுக்களையை அப்படியே வைத்து, வீட்டை எல்லோரும் வந்து பார்க்கும்படி திறந்துவிட்டார் அவர் மகள். பெருக்கித் துடைக்கவும், வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லவும் ஆள் தேவைப்பட்டது. பளபளக்கா போய் நின்றாள்.

"அம்மா புத்தகம் படிச்சிருக்கீங்களாக்கா?" என்றார் மகள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அதைப் பார்க்காம எங்க வீட்ல அடுப்பே எரியாது."

பச்சைப் பொய். அவள் வீட்டில் சமையல், தையற்காரரான கணவர் பாடு. அவள் என்றைக்காவது கரண்டி பிடித்தால், "இதைத் திங்கிற வாய்க்கு இன்சூரன்ஸ் உண்டா?" என்பார் மனுஷர்.

மகளுக்கு வெளியூரில் வேலை. "புத்தகம் படிச்சவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்?" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் வாரம் அவள் கண்ணில் பட்டது, ஜன்னலோர ஆணியில் தொங்கிய இரும்புச் சட்டி. உள்ளும் வெளியும் கன்னங்கரேல். 'ஐயோ பாவம், கடைசிக் காலத்துல தேய்க்கத் தெம்பில்ல போல' என்று நினைத்தாள். விடுதியில் அவள் பார்த்ததெல்லாம் எவர்சில்வரும் அலுமினியமும்தானே! சோப்புத்தூள், கம்பிநார், வெந்நீர் என்று மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினாள். சட்டி மின்னியது. பெருமையோடு மாட்டிவிட்டு, கீழே இருந்த அட்டையைத் தூசி தட்டும்போதுதான் படித்தாள்: 'நாற்பது ஆண்டுச் சமையலில் பழகிய சட்டி.' பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் புத்தகம், மூன்றாம் பக்கம் விரித்தபடி இருந்தது. 'என் சட்டி சோப்பைக் கண்டதில்லை. இதன் கறுப்புதான் என் கைப்பக்குவம்.'

அடுப்புப் பற்றவைக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வரி அது. அவளுக்கு மட்டும் தெரியாது. சட்டியில் அவள் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அன்றே மகளுக்குப் போன் செய்திருக்கலாம். மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் வைத்தாள். வேலை போய்விடுமே என்ற பயம் பாதி. பொய்க்காரி என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மீதி. கடைக்குப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கினாள். பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து மணிக்குத்தான் கதவு திறப்பு. தினமும் ஏழு மணிக்கே வந்து சட்டியில் எண்ணெய் தடவி, புகையக் காய்ச்சி, துடைத்தாள். பிறகு, போன கறுப்பு திரும்ப ஏறட்டும் என்று அதிலேயே முதல் பக்கத்திலிருந்து சமைக்கத் தொடங்கினாள். வெங்காயம் கருகியது. முட்டை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. நாற்பதாம் பக்கத்தில் மீன் ஒட்டாமல் திரும்பியது. அவள் கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிட்டுவிட்டு, "எந்தக் கடைடீ இது?" என்றார் கணவர். சந்தோஷம் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எந்த மூஞ்சியோடு சொல்வாள்?

சட்டி மறுபடி கறுத்த பிறகு மாதா மாதம் ஒருவர் வருவார், ஆஸ்பத்திரி கேன்டீன் சமையல்காரர். சட்டிக்கு முன்னால் சும்மா நிற்பார். "தினமும் முந்நூறு பேருக்கு உப்பில்லாச் சாப்பாடும்மா. அலுத்துப்போகுது. இதைப் பார்த்துட்டுப் போனா ஒரு மாசம் தாங்கும்" என்பார்.

"நாற்பது வருஷக் கறுப்புங்க" என்பாள் அவள். அன்றைக்கெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பத்து மாதம் கழித்து மகள் வந்தார். நேரே போய்ச் சட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அம்மா வச்ச மாதிரியே வச்சிருக்கீங்களேக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அது அவங்க கறுப்பு இல்லம்மா. வந்த வாரமே சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன். புத்தகம் படிச்சேன்னு சொன்னதும் பொய். இது நான் சமைச்சுச் சமைச்சு ஏத்தினது."

மகள் பிடித்த கையை விட்டார். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதுல கடைசியாச் சமைச்சது அம்மான்னு நினைச்சிருந்தேன்க்கா" என்றார்.

"நான் போயிடறேன்மா."

"போயிட்டா உங்களுக்குச் சுலபம். இருங்க. அட்டையை எடுத்துடறேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லணும், இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரி."

மறுநாள் பத்து மணிக்கு எட்டு பேர் வந்தார்கள். கடைசியாக உள்ளே வந்தவர் கேன்டீன்காரர். இன்றைக்கா வரவேண்டும்! ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"மூணாம் பக்கத்துலயே போட்டிருக்கே!" என்றாள் ஒரு பெண்.

"அப்பப் படிக்கலம்மா."

கேன்டீன்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப நான் இத்தனை மாசமா நின்னு பார்த்தது?"

"நான் சமைச்சதுங்க. தினமும் காலையில."

சட்டியிலிருந்து அவர் பார்வை அவள் கைகளுக்கு வந்தது. அவள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.