சுட்டதா, பச்சையா?

எங்கள் தெருவில் என் படிப்பை "எலும்பு செய்யற படிப்பு" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் படித்த திமிர் என்பார்களோ என்று ஒரு பயம். திருத்தாவிட்டால் பொய்க்குத் துணைபோகிறேனோ என்று இன்னொரு பயம்.

மீன் செதிலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, அதில் எலும்பில் இருக்கும் கால்சியம் உப்பை நானோ துகள்களாகக் கலந்து, உறையவைத்து உலர்த்துவதுதான் என் எம்.ஃபில். ஆய்வு. புரதம் மட்டும் இருந்தால் துவளும், உப்பு மட்டும் இருந்தால் நொறுங்கும். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் எலும்பைப் போலத் தாங்கும். விருத்தாசலம் மார்க்கெட்டில் செதிலை மட்டும் கேட்டபோது மீன்கார அம்மா என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்து, "பாவம் கண்ணு, உங்கம்மா உனக்குச் செதிலுதான் ஆக்கிப் போடுவாளா?" என்றார். மீன் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஒரு கிலோவும் வாங்கி வந்தேன். அன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவிச்சி கிடையாது.

அந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். கைக்குழந்தையை மாமியார் அத்தையிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகும் குற்ற உணர்ச்சி அப்படிப் பேச வைத்தது.

பல மாதம் கெடுத்துக் கெடுத்துச் செய்ததில் ஆறு துண்டுகள் தேறின. வெள்ளையாக, பஞ்சு பிஸ்கட் போல. ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு வேறு. எழுதி ஒட்டிய காகிதம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊசியால் ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று ஆறு வரை போட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடை போட்டேன். வாரா வாரம் மளிகைக் கடைத் தராசில் குழந்தையையே நிறுத்துப் பார்ப்பவள் நான்.

திங்கட்கிழமை அவற்றின் வலிமையைச் சோதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மழையில் ஆய்வகக் கூரை ஒழுகியதால் துண்டுகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து பீரோ மேல் வைத்தேன். வைத்த இடம் சரிதானா என்று பார்க்க இறக்கினேன். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி இறக்கினேன். அப்போதுதான் அத்தை உள்ளே வந்தார்.

மாமியார் வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் வேலைதான். அத்தை கல்யாணத்துக்கு முன்பே பொம்மைக்கு வண்ணம் தீட்டியவர். என் கணவர் பொம்மைக் கம்பெனியில் சூளை பார்ப்பவர். அத்தை டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினார்.

"என்னாம்மா, அமுக்குனா உள்ள போவுது. இது சுட்டதா, பச்சையா?"

இங்கே சூளைக்குப் போகாத எதுவும் பச்சைதான். பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்த எனக்கு இந்தச் சொல் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. பதிலாக மூன்று வாக்கியங்கள் மனத்தில் வந்தன. இது பச்சைதான். இதைச் சுடவே கூடாது. சுட்டால் புரதம் எரிந்து போய்விடும். மூன்றையும் சொன்னால் பாடம் நடத்துவது போல இருக்குமோ என்று யோசித்து, முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"பச்சைதாங்க அத்தை."

"அதான பாத்தேன்" என்றார்.

டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் ஏறும் என்பதால், திங்கட்கிழமை வரை தொடக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். நான் எதையும் சரிபார்க்காமல் இருந்த இரண்டு நாள் என் வாழ்க்கையில் அவைதான்.

ஞாயிறு சாயங்காலம் கணவர் வந்து என் உள்ளங்கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே ஆறு துண்டுகள். சுண்டிச் சிறுத்து, சுண்ணாம்பு வெள்ளையாக.

"என்னங்க இது?"

"உன்னுதுதான். சுடணும்னு சொன்னியாமே. பொம்மைத் தட்டுல ஓரமா வச்சு எடுத்தேன்."

அத்தை ஒன்றை எடுத்து நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "கிணுகிணுன்னு எப்பிடி இருக்குது பாரு! புள்ளைய வச்சிக்கிட்டு நீ எங்க சூளைக்கு அலைவ? அதான் நானே குடுத்தனுப்புனேன்."

கொலாஜன் முழுவதும் புகையாகப் போயிருந்தது. "ரொம்ப நன்றிங்க அத்தை" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று பாதியில் குழாயை மூடினேன். அழுகையும் நின்றுவிட்டது.

மறுநாள் என் பேராசிரியை பொட்டலத்தைப் பிரித்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "எது எதுன்னு தெரியுமா?"

"வெட்டு போட்டிருக்கேன் மேடம்."

"சுடறதுக்கு முன்னால எடை?"

"மூணு தடவை போட்டிருக்கேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "புரதம் எரிஞ்சு போச்சு, உப்பு மிஞ்சிருக்கு. இப்ப எடை போட்டா எதுல எவ்வளவு உப்பு நிஜமா சேர்ந்துச்சுன்னு தெரிஞ்சிடும். வலிமைச் சோதனைக்கு இனிமே நேரமில்ல, அந்த அத்தியாயத்தை விட்டுடு. இதை வச்சு எழுது. ஆனா இனி எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத."

எடை போட்டோம். ஆறில் ஐந்தில் நான் போட்ட உப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆறாவதில் நிறையக் குறைந்தது. கலக்கும்போது அடியில் தங்கியிருக்க வேண்டும். அந்தக் குறையை விளக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதி, பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "நான் சுட்டுக் குடுத்தது பாஸாயிடுச்சா?" என்பதுதான். ஆயிடுச்சுங்க என்றேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், "படிச்சது அவ, சுட்டது நாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதையும் நான் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. மறுநாள் காலை குழந்தையின் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாலு காச்சினதா, பச்சையா?" என்று அத்தை கேட்டார்.

"பச்சைதாங்க. இன்னும் காய்ச்சல. காய்ச்சாம குடுத்தா வயித்துக்கு ஆகாது. நான் காய்ச்சித் தர்றேன், நீங்க அதை யார்கிட்டயும் குடுத்தனுப்ப வேணாம்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டா ஒரு வார்த்த சொல்லேன்மா" என்றார்.