மிகக் கிட்டிய புள்ளி

கருத்தரங்குக்கு மூன்று நாள் இருந்தபோது, என் இரண்டு தேற்றங்களின் நிறுவலில் பிழை கண்டேன். ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்து அறையில், கட்டில் நிறையத் தாள்களைப் பரப்பிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டே இரண்டு வருடமாக எழுதிய ஆய்வு.

சாதாரணப் படமாக்கல் ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிக்கு அனுப்பும். நான் எடுத்துக்கொண்ட மங்கலான படமாக்கல் ஒரு புள்ளியை ஒரு தொடைக்கு, அதாவது புள்ளிகளின் கூட்டத்துக்கு, அனுப்பும். அதில் சில புள்ளிகள் முழுதாகச் சேரும், சில பாதி, சில கால்வாசி. போதிய அளவு சேர்ந்தவற்றை மட்டும் வடித்தெடுத்தால், தனக்குரிய தொடைக்குள் தானே இருக்கும் புள்ளி உண்டா? அதுதான் நிலைத்த புள்ளி. அதைத் தேடி, ஒவ்வொரு படியிலும் தொடைக்குள் மிகக் கிட்டிய புள்ளிக்குத் தாவித் தாவிப் போயிருந்தேன். அப்படியொரு புள்ளி இருந்தே தீரும் என்று யார் சொன்னது? நெருங்கிக்கொண்டே போகலாம். மிகக் கிட்டியது என்று ஒன்று இல்லாமலே போகலாம்.

உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா தலைத்துணியை அவிழ்த்தபடியே கேட்டார்.

"என்னா இப்புடி அலையிற?"

"எழுதுனதுல பிழைம்மா."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

"நான்தான்."

"வேற யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப பேசாம இரு."

ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிடலாமா என்றுதான் தோன்றியது. பிறகு தூறலில் மேல் ரோட்டுக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்காரரான என் மேற்பார்வையாளரை அழைத்துச் சொன்னேன்.

"நானும் ரெண்டு தரம் வாசிச்சனான்," என்றார். "எனக்கும் பிடிபடேல்லை. இப்ப என்ன செய்யப் போறீர்?"

"தெரியல மிஸ். கட்டுரைய வாபஸ் வாங்கிடவா?"

"திங்கள் வரைக்கும் பொறும். செவ்வாய்தானே கருத்தரங்கு."

இரண்டு நாளும் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திங்கள் காலை பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபோது, ஒரு வழி தெரிந்தது. மிகக் கிட்டியதை ஏன் கேட்க வேண்டும்? நெருங்கிக்கொண்டே போகும் அந்த எல்லையைவிடச் சற்றுத் தள்ளியிருப்பதை எடுத்து, அந்தச் 'சற்று' என்பதைப் படிக்குப் படி பாதியாக்கினால் போதாதா? டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தேன். முதல் தேற்றம் தப்பிப் பிழைத்தது. இரண்டாவதன் நிபந்தனை மிகத் தளர்வானது. இந்த வழிக்கு அது இடங்கொடுக்கவில்லை.

கருத்தரங்கில் முதலாவதை மட்டும் நிறுவினேன். அச்சிட்ட சுருக்கத்திலுள்ள இரண்டாவது தேற்றத்தின் நிறுவல் பிழை என்று நானே சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், "அப்படியென்றால் அந்தத் தேற்றமே பொய்யா?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

இன்றைக்கும் தெரியாது. பாடவேளைக்கு நடுவே, கரும்பலகையின் ஓரத்தில் அந்தத் தேற்றத்துக்கு ஓர் எதிருதாரணத்தைக் கிறுக்கத் தொடங்கி, பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டு அழிக்கிறேன்.