லைட்டருக்குள் எத்தனை வோல்ட்

காலையில் கேஸ் லைட்டரை அழுத்தியதும் நீலப் பொறி தெறித்தது. எனக்குக் கோவளத்து வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டு ஷாக் வாங்கியதிலிருந்து, லைட்டர் பொறியும் கரண்ட்தான் என்று பயந்து சித்தி அதன் பக்கமே போகமாட்டாள். கடல் காற்றில் நமுத்த தீக்குச்சிகளையே உரசிக்கொண்டிருப்பாள். அதற்குள் கேஸ் நாற்றம் வீடெங்கும் பரவிவிடும்.

"லைட்டர்ல ஆயிரக்கணக்குல வோல்ட் கீது சித்தி. சுவிட்சவிட அதிகம். ஆனா ஒண்ணியும் ஆவாது," என்றாள் ஒரு நாள், பிளஸ் ஒன் படித்த அக்கா.

"அவ்ளோ இருந்தா ஆளையே கொன்னுடுமே?" என்றாள் சித்தி.

எனக்கும் அதே சந்தேகம்.

"வோல்ட்னா ஒவ்வொரு யூனிட் சார்ஜுக்கும் எவ்ளோ எனர்ஜின்ற கணக்கு. லைட்டர்ல சார்ஜே துளியூண்டுதான், அதனால மொத்த எனர்ஜியும் கம்மி. சுவிட்சுல சார்ஜ் நிக்காம வந்துகினே இருக்கும்."

சித்தி லைட்டரைக் கையில் எடுத்தாள். பிறகு கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லைட்டர் முனையைத் தன் விரலில் வைத்து அழுத்தினாள். கை துள்ளியது.

"இன்னாடி, எறும்பு கடிச்ச மாரிதான் கீது," என்றவள், இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

இன்றும் புது லைட்டர் வாங்கினால், அடுப்பில் வைப்பதற்கு முன் தன் விரலில்தான் சோதிக்கிறாள் சித்தி.