அண்ணன் கிட்டாரை விட்ட காரணம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, சபையாரே, ஆஸ்பத்திரியில் அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்களே,

அண்ணன் நம்மிடையே இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். "கூடப் பொறந்தவன் நீ, நீயே எழுது" என்றார் அம்மா. எழுத உட்கார்ந்த நாள் முதல் ஒரே ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. நம் ஆலயத்தில் பல ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன், கடைசி இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. விரல் வலியால் விட்டுவிட்டார் என்றுதான் நீங்கள் அநேகமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு விரலில் வலி எதுவும் இருந்ததில்லை. அவரை நிறுத்தியது நான். இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால், நான் எழுதுவது அத்தனையும் பொய்யாகிவிடும்.

அண்ணன் பிறந்தது கொள்ளேகால் பக்கம், அம்மாவின் ஊரான ராமாபுரத்தில். அப்பாவுக்கு மைசூர் ரயில்வே பட்டறையில் வேலை என்பதால் வளர்ந்ததும் படித்ததும் இங்கேதான். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. மேலே படிக்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சிக்குப் போனார். சீக்கிரமே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என்னை பி.காம். வரை படிக்க வைத்தார். அம்மாவைக் கடைசிவரை தம்மோடு வைத்துக்கொண்டார். எனக்கு முதல் கீபோர்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது என்னை எந்த அளவுக்குத் திட்டலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எக்ஸ்ரே அறையில் அண்ணனின் பொறுமை பெயர் பெற்றது. நெஞ்சைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நோயாளி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருமல்காரர்களுக்கு அது லேசில் வராது. மற்றவர்கள் அதட்டுவார்கள். அண்ணன் அதட்டமாட்டார். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டு அவர்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே வரிசை நீளும். ஆனால் அவர் எடுத்த படத்தை இரண்டாம் முறை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

பேஸ் கிட்டார் அவரிடம் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அவருடைய நண்பர் ஒருவரின் மெல்லிசைக் குழு கலைந்தபோது அதை வாங்கிக்கொண்டார். தானாகவே கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் கீபோர்டு, அவர் பாட்டுக்கு அடியில் கனமான சுரம் போடும் பேஸ். ஒரு வரிக்கு மூன்று சுரம், மிஞ்சினால் நாலு. அவ்வளவுதான் அவர் வாசிப்பு. வரி முடியும் இடத்தில் கடைசிச் சுரத்தை அழுத்தியபடி அசையாமல் நிற்பார். ஒரு பிருகா இல்லை, ஒரு குழைவு இல்லை. பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பொறுக்காது.

"ஸ்வல்ப ஜோராகி பாரிசி, அண்ணா" என்று, கொஞ்சம் ஜோராக வாசிக்கச் சொல்லி, கன்னடத்தில் கெஞ்சுவார்கள்.

"ஜோரா வாசிச்சு? அவங்க பாடிட்டு இருக்கறப்ப நான் எதுக்குடா குறுக்க?" என்பார்.

அவரால் முடியாமல் இல்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் அவர் வாசித்ததை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அடேயப்பா, அந்த நாலு கம்பியில் விரல்கள் என்னமாய் ஓடின! நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு, "காபி போடட்டுமாடா?" என்றார். ஆலயத்தில் அந்த வாசிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை.

எனக்கோ நேர்மாறான புத்தி. கை சும்மா இருக்காது. பாட்டுக்கு நடுவே கிடைத்த சந்திலெல்லாம் எதையாவது நுழைப்பேன். யாராவது "நல்லா வாசிச்சீங்க" என்று சொன்னால் அந்த வாரம் முழுவதும் தலைகால் புரியாது. இந்தப் புத்தியோடு ஒரு ஈஸ்டர் ஆராதனையை டேப் ரெகார்டரில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பேஸ் தாமதமாக வந்தது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பாட்டு முழுக்க. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில், பாடகர் குழு முழுவதும் உட்கார்ந்திருக்க, அந்தக் கேசட்டைப் போட்டேன்.

"அண்ணா, இதக் கேளு. இங்க லேட். பாரு, இங்கயும் லேட்."

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா, அங்க அப்படித்தாண்டா வரும்."

"ஏன் வரும்?"

"எஸ்தர் டீச்சர் மூச்சு வாங்கணும்ல?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எஸ்தர் டீச்சர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். ஓய்வு பெற்ற ஆசிரியை, பெண்கள் பக்கம் முதல் வரிசை, ஆஸ்துமாக்காரர். நானும் சேர்ந்து சிரித்தேன். தப்பை மறைக்க வேடிக்கை பேசுகிறார் என்றே நினைத்தேன். அப்போதுதான் புதுக் கீபோர்டு ஒன்றை ஆலயத்துக்கு வாங்கியிருந்தோம். ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் தானாகவே வரும். அதைத் தட்டிக் காட்டிச் சொன்னேன்:

"இனிமே நீ சிரமப்பட வேண்டாம்ணா. இதுலயே பேஸ் இருக்கு. இது லேட்டாகாது."

அண்ணனை நான் பாடகர் குழுவின் முன் அவமானப்படுத்திவிட்டேன் என்று அங்கிருந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. அண்ணன் கிட்டார் வயரை நிதானமாகச் சுற்றி உறையில் போட்டார். "சரிடா, பாத்துக்கோ" என்றார். அவர் கோபித்திருந்தால் நான் அன்றே வழிக்கு வந்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் ஐயா அண்ணனை நிறுத்திக் கேட்டார்: "என்னப்பா, இன்னைக்கு கிட்டார் காணோம்?"

"விரல்ல வலிங்க ஐயா. கொஞ்ச நாள் கம்பி தொடாம இருந்தாத் தேவலை" என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். போதகர் ஐயா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாங்கய்யா, ரொம்ப வலி" என்று தலையை ஆட்டினேன். பாடகர் குழுப் பிள்ளைகளையும் அண்ணன் தனித்தனியாகக் கூப்பிட்டு, அன்றைய பேச்சு அறையைத் தாண்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள், அம்மா என் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அவர்களும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் அண்ணன் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடினார். அவருக்குச் சாரீரம் கிடையாது. சுருதி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கிட்டாருக்குப் பின்னால் இத்தனை வருஷம் ஒளிந்திருந்த அந்தக் குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது. அண்ணி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரிப்பார். ஆனால் பாட்டு கெட்டுப்போனது அவரால் அல்ல. பொத்தானை அழுத்தினால் வரும் பேஸ் யாருக்காகவும் நிற்காது. அறுப்பின் பண்டிகையன்று நான் மூன்றாம் வரியில் இருக்கிறேன், பெண்கள் பக்கம் இன்னும் இரண்டாம் வரியில் இருக்கிறது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் அவர்கள் வந்து சேரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சபையார் பாடுவதையே விட்டுவிட்டார்கள்.

எஸ்தர் டீச்சர் ஒரு ஞாயிறு என்னிடம் சொன்னார்: "முன்ன நாங்க பாடுனோம். இப்ப நீங்க பாடறீங்க, நாங்க கேக்கறோம். நல்லாத்தான் இருக்கு தம்பி."

அவரே ஒரு நாள் ஒரு கேசட்டை நீட்டினார். அதே ஈஸ்டர் ஆராதனையைத் தாம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பதிவு செய்திருந்தார். வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். வீட்டில் போட்டேன். முதலில் விசிறிச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, டீச்சரின் இருமல். பிறகு பாட்டு. பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டால், என் கீபோர்டுதான் எங்கோ முன்னால் பறந்துகொண்டிருந்தது. சபையார் ஒரு வரியை முடித்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வரியை எடுக்கிறார்கள். எடுக்கும் அந்த இடத்தில், சொல்லி வைத்தாற்போல், அண்ணனின் சுரம் விழுகிறது. ஒவ்வொரு வரியிலும் அப்படியே விழுகிறது.

என் டேப் ரெகார்டரை நான் எங்கே வைத்திருந்தேன்? கீபோர்டின் ஸ்பீக்கர் பெட்டிமேல்! அதில் சபையாரின் குரலே பதிவாகவில்லை. அண்ணன் நிற்பது மட்டும் கேட்டது, யாருக்காக நிற்கிறார் என்பது கேட்கவில்லை. தப்பாக வாசித்தவன் நான். அந்தத் தப்பைக் காட்டி அவரை எழுந்து போகச் சொன்னவனும் நானே.

அன்றே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று. பாடகர் குழுவின் முன் என் முட்டாள்தனத்தை ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற கௌரவம் ஒன்று. விரல் வலி என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இப்போது வாசிக்கக் கூப்பிட்டால் வலி எங்கே போயிற்று என்று கேட்பார்களே என்ற பயம் இன்னொன்று. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளினேன். ஒரு வருஷம் போயிற்று.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் சாதாரணம் என்றார்கள், பத்தியம் இருந்தார். பிறகு கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். தாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஐந்து வாரம் படுத்திருந்தார். தினமும் போனேன். தினமும் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மாத்திரை, டாக்டர் என்ன சொன்னார், அம்மா சாப்பிட்டாரா என்று எல்லாம் பேசுவேன். இது மட்டும் வராது. ஒரு நாள் அவரே என் பக்கம் திரும்பி, "கோயில்ல பாட்டு எப்படிடா போகுது?" என்று கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? "நல்லாப் போகுதுண்ணா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரிடா" என்றார். மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நான்காம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த ஐந்து வாரமும் அண்ணனைத் தங்கள் வீட்டு மனிதராகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்த எக்ஸ்ரே பிரிவு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முறை வைத்து ரத்தம் கொடுத்த பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும், கொள்ளேகாலிலிருந்தும் ராமாபுரத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த உறவினர்களுக்கும், ஒரு நாள் தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், அடக்க ஆராதனையில் கீபோர்டு இல்லாமல் வெறுங்குரலில் கடைசிவரை பாடிய எஸ்தர் டீச்சருக்கும் நன்றி.

அண்ணிக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொடுக்கும்முன் அவரிடம்தான் கொண்டுபோனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே, நீங்கள் இதுவரை படித்ததை முழுக்கப் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு வருஷம், தம்பி" என்றார் பிறகு. "தெனமும் சாயங்காலம் நல்லெண்ணெயச் சூடு பண்ணி, ஒவ்வொரு விரலாத் தேச்சு விட்டேன். வலிக்குதுங்களான்னு கேப்பேன். இப்பத் தேவலைம்பார். ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னாரா?"

இது எனக்குத் தெரியாது.

"ஊருக்குச் சொல்லட்டும். எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

"தெரிஞ்சா நீங்க எங்கூடப் பேச மாட்டீங்கன்னு நெனச்சிருப்பார் அண்ணி."

"பேசியிருக்க மாட்டேன்தான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு விரல் வலி என்றே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிக் காகிதத்தை எடுக்கக் கை நீட்டினேன். அண்ணி கொடுக்கவில்லை.

"உள்ளதையே போடுங்க. நான் எண்ணெய் தேச்சதையும் சேத்துப் போடுங்க. வலிதான் பொய். நான் தேச்சது பொய்யில்ல."

மன்னித்துவிட்டதாக அண்ணி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே போட்டிருக்கிறேன்.