கல்லடி நண்டும் பேத்தக்காவும்

கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்தபோது, என் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவும் வந்தது. அதற்குள் பஞ்சில் பொதிந்த, காயவைத்த குட்டி நண்டுகள் இருந்தன. நான் மண்டபத்துக் கடற்கரையில் பிறந்தவள். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். அவரிடம் சரக்கு எடுத்து ஓசூர்ச் சந்தையில் விற்ற குடும்பத்தின் இளைய மகனுக்கு என்னைக் கொடுத்தார்கள். ஐம்பதுகளில் நடந்தது இது.

அந்த நண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கடல் வற்றும் நேரத்தில் கற்களைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லடி நண்டு என்போம். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். மற்ற நண்டுக்கு இடுக்கி போக நாலு ஜோடிக் கால் தெரியும். இதற்கு மூன்றுதான் தெரியும், நாலாவது சிறுத்துப்போய் முதுகோரம் மடங்கிக் கிடக்கும். கண்ணுக்கு வெளிப்புறம் நீள மீசை. இடுக்கி உடம்பைவிடப் பெரிது, ஆனால் அதால் இரை பிடிக்காது. வாயோரத்து மயிர்க் கொத்தை விசிறி போல விரித்து, தண்ணீரில் மிதந்து வருவதை வாரித் தின்னும். பிடித்தால் காலை நம் கையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். முழுசாக ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. இதற்குப் பீங்கான் நண்டு என்று பெயர், உலகத்துக் கடல்களில் எத்தனையோ வகை உண்டு, உண்மையில் இது நண்டுச் சாதியே இல்லை, காலிச் சங்குக்குள் குடியிருக்கிறதே துறவி நண்டு, அதற்குத்தான் உறவு என்று பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தேன்.

டப்பாவில் அவற்றைப் பிரித்து வைத்திருந்தேன். கல்லுக்கடியில் கிடைத்தவை ஒரு பக்கம். கடல் பஞ்சின் பொந்துக்குள் கிடைத்தவை ஒரு பக்கம். பூ மாதிரி விரல் விரிக்கிற கடல் தாமரை என்ற உயிரின் மடியில் உட்கார்ந்திருந்த, வெள்ளை உடம்பில் சிவப்புப் புள்ளி போட்டது ஒன்றே ஒன்று. அதைத் தனித் துணியில் சுற்றியிருந்தேன்.

என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, ஆனேக்கல்காரி. அவள் பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. முதல் நாளே பெட்டியைக் கிளறி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து என்னை “ஏடி” என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் சின்னவளை உரிமையோடு அப்படிக் கூப்பிடுவதுண்டு. பரவாயில்லை, பிரியமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாமியாரும் ஓரகத்தியின் பிள்ளைகளும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினேன். எனக்கு வாய் எழும்பாது. யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தலை குனிந்துவிடும்.

ஒருநாள் காலையில் தெருவில் யாரோ “ஏடி, ஏடி” என்று கூவினார்கள். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி, “இந்தா வந்துட்டேங்க்கா” என்றேன். வெளியே ஒரு கிழவி கூடையை இறக்கி வைத்தாள். கூடை நிறைய வயல் நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே ஓரகத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்தான் பாவப்பட்டுச் சொன்னாள், கன்னடத்தில் ஏடி என்றால் நண்டு என்று.

அன்று சாயங்காலம் டப்பாவைக் காணோம். கொல்லையில் கோழிகள் எதையோ சண்டை போட்டுக் கொத்திக்கொண்டிருந்தன. வெறும் பஞ்சுதான் மிஞ்சியிருந்தது. ஓரகத்தி காலி டப்பாவை அலம்பி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“நாத்தம் தாங்கலெ. நம்ம வீட்டுக்கு ஒரு ஏடி போதும்” என்றாள்.

நான் அழவில்லை. அவளுக்கு என்ன செய்வது என்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். உப்பை அள்ளிப் போடலாம், பாலைத் திரியவைக்கலாம். அதெல்லாம் ஒரு நாள் சமாச்சாரம். எனக்கு அவள் சாகிறவரைக்கும் கூட வருகிற மாதிரி ஒன்று வேண்டும்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு. அவர்கள் ஓரகத்தியை மரியாதையாகப் பெத்தக்கா, பெரிய அக்கா, என்பார்கள். அவளுக்கு அதில் பெருமை. என்னையும் அப்படியே கூப்பிடச் சொல்லியிருந்தாள். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கினால் எழுத்து நீளும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில், தலையைக் குனிந்தபடியே, “பேத்தக்கா, தண்ணி காஞ்சிருச்சு” என்றேன்.

எங்கள் கடலில் பேத்தை என்றொரு மீன் உண்டு. தொட்டால் வயிறு பந்தாக உப்பும். விஷம். வலையில் வந்தால் திட்டிக்கொண்டே கரையில் எறிந்துவிடுவார்கள், காக்கைகூட யோசிக்கும்.

கடற்கரைக்காரிக்குத் தெலுங்கு வாயில் நுழையவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். முதலில் பிள்ளைகள் கேலிக்கு அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே பழகிப்போய், பால்காரர், வளையல்காரர், பக்கத்துத் தெரு எல்லோருக்கும் அவள் பேத்தக்காதான். ஒவ்வொரு முறை யாராவது கூப்பிடும்போதும் எனக்கு வயிறு குளிரும்.

சில வருஷம் கழித்து என் அண்ணன் மண்டபத்திலிருந்து வந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் யாரோ பேத்தக்கா என்று கூப்பிட, அவருக்குப் புரையேறிவிட்டது.

“ஏத்தா, அதென்ன அவுகளப் போயிப் பேத்தைங்கிறாக?” என்று கேட்டார், சத்தமாகவே.

ஓரகத்தி கரண்டியோடு நின்றாள். “பேத்தைன்னா ஏனு, என்ன அது?” என்றாள் என்னைப் பார்த்து.

அன்றைக்கு மட்டும் எனக்குத் தலை குனியவில்லை. “மீனுங்க்கா. தொட்டா உப்பும். யாரும் திங்க மாட்டோம், தூக்கி எறிஞ்சிருவோம்.”

அவள் முகம் உப்பியது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. தெருவில் அப்படிக் கூப்பிட்டவர்களோடு சண்டைக்குப் போனாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன கோபம் பேத்தக்கா என்று சமாதானம் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக என் அப்பா வைத்த பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். “இனிமே உன்னெ பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நீயும் அதெ விட்டுடு” என்றாள்.

நான் களி கிண்டுவதை நிறுத்தாமல் சொன்னேன்.

“சரிங்க, பேத்தக்கா.”